முகம் மரத்துப்போனால் மூளை ஸ்கேன் போதுமா?

"புற்றுநோய் எப்படிப் பரவும்?" என்று கேட்டால் பள்ளி மாணவர்கள்கூட இரண்டு பதில் சொல்லிவிடுவார்கள். ஒன்று ரத்தம். இன்னொன்று நிணநீர். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் "பக்கத்துத் திசுவுக்குள் நேரடியாகவும் புகும்" என்று மூன்றாவதையும் சேர்ப்பார்கள். நான்காவதாக ஒரு வழி இருக்கிறது, அதைப் பற்றித்தான் அதிகம் பேச்சே இல்லை. நரம்பு!

தலையிலும் கழுத்திலும் வரும் சில புற்றுநோய்கள் நரம்பின் உறையைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே ஊர்ந்து போகும். கொடிக்கயிற்றில் வரிசையாகப் போகும் எறும்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்த மாதிரிதான். கயிறு எங்கே போகிறதோ அங்கே எறும்பும் போகும். முகத்தில் இருக்கும் நரம்புகள் எல்லாம் கடைசியில் மண்டையோட்டின் ஓட்டைகள் வழியாக மூளைத்தண்டுக்குத்தான் போய்ச் சேருகின்றன. சிக்கல் அங்கேதான்.

இந்தப் பதிவு அந்த நோயைப் பற்றி மட்டும் அல்ல. அதைக் கண்டுபிடிக்கக்கூடிய கருவி கையில் இருந்தும் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்பதைப் பற்றியும்தான்.

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 58. பல வருடங்களாக வெற்றிலை, பாக்கு, புகையிலை. இரண்டு வருடத்துக்கு முன் கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்து, அது புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை சிகிச்சை நடந்து, கதிர்வீச்சும் முடிந்து நன்றாகத்தான் இருக்கிறார். திடீரென்று ஒரு நாள் ஷேவ் செய்யும்போது வலது பக்க மோவாயில் பிளேடு படுவதே தெரியவில்லை. மரத்திருக்கிறது. வலி கிடையாது. கட்டி கிடையாது. வாயைத் திறந்து பார்த்தால் புண்ணும் கிடையாது.

முதலில் பல் மருத்துவரிடம் போகிறார். ஒரு பல் போகிறது. மரப்பு போகவில்லை. அடுத்து ஒரு பொது மருத்துவர், ஊட்டச்சத்து மாத்திரை தருகிறார். இரண்டு மாதம் கழித்து இன்னொருவர் "எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று சீட்டில் எழுதுகிறார்: எம்.ஆர்.ஐ. மூளை. காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சொல், மரப்பு. ஸ்கேன் நார்மல் என்று வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆறு மாதம் கழித்து அவருக்கு ஒரு பொருள் இரண்டாகத் தெரிய ஆரம்பிக்கிறது, கண் ஒரு பக்கம் திரும்ப மறுக்கிறது. இப்போது எடுக்கும் ஸ்கேனில் கண்ணுக்குப் பின்னால், மூளைக்கு அடியில், நோய் உட்கார்ந்திருக்கிறது.

இந்த ஆள் கற்பனைதான். ஆனால் இந்த வரிசை கற்பனை அல்ல. தலை-கழுத்து ரேடியாலஜி பாடங்களில் இது திரும்பத் திரும்ப எச்சரிக்கப்படும் ஒன்று.

முதல் ஸ்கேனில் கருவி பழுதா? இல்லை. படம் பார்த்தவர் தூங்கிவிட்டாரா? அதுவும் இல்லை. மூளையைப் பார்க்கச் சொன்னார்கள், மூளையைப் பார்த்தார்கள், மூளை நன்றாக இருந்தது, நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். மோவாயிலிருந்து நரம்பு கிளம்பும் கீழ்த்தாடை பெரும்பாலும் அந்தப் படத்துக்குள்ளேயே வரவில்லை. கேட்காத கேள்விக்கு ஸ்கேன் பதில் சொல்லாது.

இதைப் புரிந்துகொள்ள நரம்பின் பாதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். (உடற்கூறியல் என்றதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள், சுருக்கமாகத்தான்.)

முகத்தின் தொடு உணர்வு முழுக்க ட்ரைஜெமினல் எனப்படும் ஐந்தாம் மண்டை நரம்பின் பொறுப்பு. அது மூன்றாகப் பிரியும். நெற்றிக்கு ஒன்று, கண்குழி வழியாக வரும். கன்னம், மேல் உதடு, மேல் பற்கள், அண்ணம் ஆகியவற்றுக்கு ஒன்று. கீழ்த்தாடைக்கும் மோவாய்க்கும் ஒன்று. இந்த மூன்றாவது கிளையில் இருந்து ஒரு நரம்பு கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாயில் நுழைந்து, கீழ்ப்பற்களுக்கெல்லாம் உணர்வு கொடுத்துவிட்டு, மோவாய்ப் பக்கம் ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளியே வருகிறது. பல் பிடுங்கும்போது ஊசி போட்டு மரக்க வைப்பார்களே, அதே நரம்புதான். இதன் தடிமன் இரண்டு மூன்று மில்லிமீட்டர்.

மேலே போனால், மண்டையோட்டின் அடித்தளத்தில் ஃபோரமென் ஓவேல் என்ற ஓட்டை. அதைத் தாண்டினால் மெக்கல் குகை என்ற சின்னப் பை, அதற்குள் மூன்று கிளைகளும் ஒன்று சேரும் நரம்பு முடிச்சு. பக்கத்திலேயே கண்ணை அசைக்கும் நரம்புகள் ஓடும் கேவர்னஸ் சைனஸ். அதற்கும் பின்னால் மூளைத்தண்டு. ஆக, மோவாயில் இருந்து மூளைத்தண்டு வரை தடையே இல்லாத ஒரு ஒற்றையடிப் பாதை.

முகத்தை அசைப்பது ஏழாம் நரம்பு, அது வேறு. காதுக்குப் பின்னால் ஒரு ஓட்டை வழியாக வெளியே வந்து பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் விரிந்து, கண் மூட, சிரிக்க, ஊத என்று எல்லாத் தசைக்கும் போகிறது. ஐந்தும் ஏழும் தனித்தனி என்றுதான் பாடத்தில் படிக்கிறோம். ஆனால் நடுவில் குறுக்குச் சந்துகள் இருக்கின்றன! காதுக்கு முன்னால் பரோடிட் சுரப்பிக்குள் ஐந்தாவதின் ஒரு கிளை ஏழாவதைத் தொட்டுக்கொண்டு போகிறது. மூக்குக்குப் பின்னால் உள்ள ஒரு சின்னக் குழியில் இருந்து வேறொரு நரம்பு, எலும்புக்குள் ஒரு கால்வாய் வழியாகப் போய் ஏழாவதின் முடிச்சைச் சேருகிறது. புற்றுநோய் இந்தச் சந்துகளையும் பயன்படுத்திக்கொள்ளும். ஒரு கிளையில் மேலே ஏறி, சந்திப்பில் திரும்பி, இன்னொரு கிளையில் கீழே இறங்கவும் செய்யும். அதனால்தான் ஒரே நோயாளிக்கு முதலில் கன்னம் மரத்து, பிறகு முகம் கோணுவது நடக்கிறது. இரண்டு நரம்பும் அடுத்தடுத்து ஒரே பக்கத்தில் கெட்டுப்போனால் அதைத் தற்செயல் என்று விட்டுவிடக் கூடாது.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1862-லேயே ஜெர்மானிய மருத்துவர் நாய்மன், உதட்டில் வந்த ஒரு புற்றுநோய் மோவாய் நரம்புக்குள் புகுந்திருந்ததை எழுதி வைத்திருக்கிறார். அப்போதெல்லாம் வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். நரம்பைச் சுற்றி நிணநீர்க் குழாய்கள் இருக்கின்றன, அதன் வழியாகத்தான் போகிறது என்று ரொம்ப காலம் நம்பினார்கள். 1966-ல் லார்சன் குழுவினர் அப்படிப்பட்ட குழாயே நரம்பு உறைக்குள் இல்லை என்று காட்டினார்கள். இப்போது தெரிந்திருப்பது இன்னும் சுவாரசியமானது. நரம்பு சும்மா கிடக்கும் கயிறு அல்ல. நரம்பு தன் வளர்ச்சிக்கும் பழுதுபார்ப்புக்கும் சுரக்கும் புரதங்களே புற்றுச் செல்லைத் தன் பக்கம் இழுக்கின்றன. நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களும் அதற்குத் துணை போகின்றன.

எந்தெந்தப் புற்றுநோய் இப்படிப் போகும்? உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா இதற்குப் பெயர் போனது. மெதுவாக வளரும், ஆனால் விடாது. சிகிச்சை முடிந்து பத்து வருடம் கழித்துக்கூடத் திரும்பி வரும். வாயிலும் தோலிலும் வரும் ஸ்குவாமஸ் வகை, எண்ணிக்கையில் அதிகம் என்பதால், நடைமுறையில் நிறையப் பார்க்கப்படுகிறது. தோல் புற்றுநோய் என்றால் ஆஸ்திரேலியா. வெயிலும் வெள்ளைத் தோலும் சேர்ந்த ஊர் என்பதால் பிரிஸ்பேன் நகர மருத்துவர்கள் நெற்றியிலும் கன்னத்திலும் தொடங்கி நரம்பு வழியாக உள்ளே போன நோயைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்தியாவில் தோலை விட வாய்தான் கவலை. 2022-ஆம் வருடக் கணக்கீட்டின்படி உதடு, வாய்ப் புற்றுநோய் மட்டும் இந்தியாவில் புதிதாக ஏறத்தாழ 1.4 லட்சம் பேருக்கு. இவர்கள் எல்லோருக்கும் நரம்பு வழியாகப் பரவும் என்று பயப்பட வேண்டாம். பரவுவது ஒரு பகுதிதான். ஆனால் மொத்தமே இவ்வளவு பெரிது என்னும்போது அந்தப் பகுதியும் சின்னது அல்ல.

இங்கே ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வெட்டி எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்து "நரம்பைச் சுற்றி இருக்கிறது" என்று நோய்க்கூறியல் மருத்துவர் எழுதுவது ஒன்று. அது கட்டிக்குப் பக்கத்திலேயே, பெயர் இல்லாத பொடி நரம்புகளில் இருக்கலாம். கட்டியை விட்டு வெகுதூரம், பெயர் சொல்லக்கூடிய பெரிய நரம்பு வழியாகப் போய் ஸ்கேனில் தெரிவது இன்னொன்று. முதலாவது இரண்டாவதற்கு எச்சரிக்கை மணி. 2018 முதல் நடைமுறையில் உள்ள எட்டாம் பதிப்பு நிலை வகைப்பாட்டில், தலை-கழுத்துத் தோல் புற்றுநோய் 0.1 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடிமன் உள்ள நரம்பைச் சூழ்ந்திருந்தாலே கட்டி மூன்றாம் படிக்கு ஏற்றப்படுகிறது. அவ்வளவு கனமான வரி அது. அந்த வரி உள்ள காகிதம் பல வீடுகளில் பிளாஸ்டிக் கவருக்குள், பீரோவுக்கு மேலே, தூசி படிந்து கிடக்கிறது. அடுத்த மருத்துவர் அதைப் பார்ப்பதே இல்லை.

சரி, ஸ்கேனுக்கு வருவோம்.

1970-களில் சி.டி. வந்தது. அது எலும்பை அழகாகக் காட்டும். நோய் நரம்போடு ஓட்டைக்குள் புகுந்து பருத்தால் ஓட்டை பெரிதாகும், அதை சி.டி. காட்டும். ஆனால் எலும்பு விரிகிற அளவுக்குப் போய்விட்டது என்றால் ஏற்கனவே தாமதம். மென்திசுவைப் பிரித்துக் காட்டுவதில் எம்.ஆர்.ஐ. ஒரு படி மேலே. 1988-ல் கடோலினியம் கான்ட்ராஸ்ட் ஊசி அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட பிறகுதான் இந்த நோயை உயிரோடு இருப்பவரின் முகத்துக்குள் பின்தொடர்வது நிஜமாகவே சாத்தியமானது. நாய்மன் எழுதி 126 வருடம் கழித்து!

எம்.ஆர்.ஐ.-யில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது ஒரு துப்பறியும் வேலை மாதிரி. நரம்பு மெல்லியது, அதையே நேராகத் தேடினால் தப்பிவிடும். அதனால் முதலில் நரம்பைத் தேடுவதில்லை, கொழுப்பைத் தேடுகிறார்கள். மண்டையோட்டு ஓட்டைகளின் வாசலில் எல்லாம் ஒரு துளி கொழுப்பு இருக்கும். கான்ட்ராஸ்ட் போடாத சாதாரணப் படத்தில் அந்தக் கொழுப்பு வெள்ளை வெளேர் என்று தெரியும். மூக்குக்குப் பின்னால் உள்ள குழியில், ஃபோரமென் ஓவேலுக்குக் கீழே, கீழ்த்தாடைக் குழாயின் வாசலில், ஏழாம் நரம்பு வெளிவரும் இடத்தில் என்று எல்லா இடத்திலும். ஒரு பக்கம் வெள்ளை இருந்து மறுபக்கம் அந்த வெள்ளை காணாமல் போயிருந்தால் யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதன் பிறகு கான்ட்ராஸ்ட். இப்போது நோய் உள்ள நரம்பு வெள்ளையாக ஒளிரும். ஆனால் கொழுப்பும் வெள்ளைதானே? வெள்ளைக்குள் வெள்ளை எப்படித் தெரியும்? அதனால் கொழுப்பை மட்டும் கறுப்பாக்கிவிட்டுப் படம் எடுக்க வேண்டும். இதுதான் கொழுப்பு நீக்கிய படம். இதிலும் வில்லங்கம் உண்டு. வாயில் உலோகப் பல் இருந்தாலோ, காற்று நிரம்பிய சைனஸ் பக்கத்தில் இருந்தாலோ கொழுப்பு சரியாக நீங்காது, போலி வெளிச்சம் வரும். அதற்கு வேறு முறைகள் இருக்கின்றன. இயக்குபவருக்கு எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருந்தால் மாற்றி எடுப்பார். தெரியாவிட்டால்? வழக்கமான மூளை ஸ்கேனுக்கு உண்டான வரிசை ஓடி முடியும். அதில் ஒவ்வொரு வெட்டும் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடிமன். இரண்டு மில்லிமீட்டர் நரம்பை ஐந்து மில்லிமீட்டர் வெட்டில் தேடுவது, பெரிய கண் வலையில் நெத்திலி பிடிப்பது போல.

படித்துச் சொல்பவருக்கும் பொறிகள் காத்திருக்கின்றன. நரம்பு ஒளிர்ந்தாலே நோய் என்று சொல்லிவிட முடியாது. ஓட்டைகளுக்குள் நரம்பைச் சுற்றி நுண்ணிய சிரைப் பின்னல் இருக்கிறது, அது எல்லோருக்கும் ஒளிரும். ஏழாம் நரம்பின் சில பகுதிகள் ஆரோக்கியமானவருக்கே ஒளிரும், வேறு சில பகுதிகள் ஒளிரக் கூடாது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இன்னொரு தடயம் தசை. ஐந்தாவதின் மூன்றாம் கிளைதான் மெல்லும் தசைகளையும் இயக்குகிறது. நரம்பு செத்தால் தசை முதலில் வீங்கும், அப்புறம் சுருங்கி, கொழுப்பாக மாறும். ஒரு பக்கப் பொட்டு மட்டும் குழி விழுந்திருக்கும். படத்தில் ஒரு பக்க மெல்லும் தசை மட்டும் வெளுத்திருந்தால், நரம்பைப் பற்றிச் சந்தேகம் இருந்தாலும் மேலே போய் இன்னொரு முறை பார்க்கத்தான் வேண்டும். நரம்பு ஒளித்து வைத்ததைத் தசை காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவும் ஒரு மணி நேரத்துக்குள் முடியக்கூடிய, இன்று மாவட்டத் தலைநகரங்களிலேயே இருக்கும் கருவியில் செய்யக்கூடிய வேலை. ஆனால் அந்த வேலை தொடங்குவது ஸ்கேன் அறையில் அல்ல. அதற்கு முன்னால் எழுதப்படும் சீட்டில்.

இந்த இடத்தில் யாரைக் குறை சொல்வது? அவசரப்பட்டு மருத்துவரைத் திட்டுவது சுலபம். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் நூறு பேரைப் பார்க்கும் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவரிடம் "விரிவாக எழுதுங்கள்" என்று சொல்வது கொஞ்சம் அநியாயம்தான். முகம் கோணி வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு பெல்ஸ் பால்சி எனப்படும் சாதாரண முகவாதம். தானாகவே சரியாகும். முகம் மரத்து வருபவர்களில் பலருக்குப் பல் பிரச்சினை, சர்க்கரை, அல்லது எதுவுமே இல்லை. எல்லோருக்கும் கான்ட்ராஸ்ட் ஸ்கேன் எழுதினால் ஸ்கேன் வரிசை ஆறு மாதத்துக்கு நீளும். உண்மையில் தேவைப்படுபவருக்கு அப்போதும் கிடைக்காது. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இங்கே கேட்பது எல்லோருக்கும் ஸ்கேன் அல்ல. எப்படியும் ஸ்கேன் எழுதத்தான் போகிறார்கள் என்னும்போது, சரியான ஸ்கேனை எழுதுங்கள் என்பதுதான். யாருக்கு என்பதும் ஓரளவு தெரிந்த விஷயம்தான். சாதாரண முகவாதம் மூன்று நாளுக்குள் முழு அளவுக்கு வந்துவிடும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக முகம் கோணினால் அது வேறு. 2013-ல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று மாதத்தில் முகம் முழுதாகத் திரும்பாவிட்டால் நிபுணரிடம் அனுப்பச் சொல்கிறது. மரப்போடு சேர்ந்து கோணல் வந்தால் சந்தேகம். மெல்லும் பக்கம் வலுவிழந்தால் சந்தேகம். எல்லாவற்றுக்கும் மேலாக, முகத்திலோ வாயிலோ சுரப்பியிலோ முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு அதே பக்கம் மரத்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை நரம்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். தோலில் இருந்த ஒரு சின்னப் புண்ணை எப்போதோ வெட்டி எடுத்ததை நோயாளியே மறந்திருப்பார். "முகத்தில் முன்னால் ஏதாவது வெட்டி எடுத்தார்களா?" என்ற ஒரு கேள்வியை யாராவது கேட்க வேண்டும். அதற்கு நூறு பேர் வரிசை தடை அல்ல, பத்து நொடி போதும்.

ரேடியாலஜி தரப்புக்கும் ஒரு பங்கு உண்டு. சீட்டில் "மரப்பு" என்று மட்டும் இருந்தால், எந்த இடம், எந்தப் பக்கம், எவ்வளவு நாள் என்று படுக்கையில் படுத்திருக்கும் நோயாளியையே கேட்டுவிடலாம். அவர் வாயால் சொல்லக்கூடியவர்தான். பல இடங்களில் அந்தப் பேச்சுவார்த்தை "உடம்பில் உலோகம் இருக்கா? செயின், மோதிரம் கழட்டுங்க" என்பதோடு முடிந்துவிடுகிறது. ரிப்போர்ட்டிலும் "மூளை நார்மல்" என்பதோடு "கீழ்த்தாடை, ஐந்தாம் நரம்பின் கீழ்ப்பகுதி இந்தப் படத்தில் அடங்கவில்லை" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன கெட்டுவிடும்? படிப்பவர் நார்மல் என்ற சொல்லை முகம் முழுவதற்கும் எடுத்துக்கொள்வதை அந்த வரி தடுக்கும்.

சிலருக்கு வேறொரு நம்பிக்கை. "இதெல்லாம் எதற்கு, பேசாமல் பெட் ஸ்கேன் எடுத்துவிட்டால் தலை முதல் கால் வரை தெரிந்துவிடுமே?" விலை அதிகம் என்றால் தெரிவதும் அதிகம் என்று ஒரு கணக்கு! பெட் ஸ்கேன் சர்க்கரையை அதிகம் உண்ணும் திசுவைக் காட்டும். மூளைதான் உடம்பிலேயே பெரிய சர்க்கரைத் தீனிக்காரன். அது பக்கத்திலேயே கொழுந்துவிட்டு எரியும்போது, அதன் அடியில் இரண்டு மில்லிமீட்டர் நரம்பில் இருக்கும் சின்ன வெளிச்சம் அமுங்கிவிடும். நோய் நுரையீரலுக்குப் போயிருக்கிறதா, கழுத்து நெறிக்கட்டிகளில் இருக்கிறதா என்பதற்கு பெட் அருமையான கருவி. நரம்புக்கு அல்ல. அதே மாதிரி, கன்னப் புற்றுநோய்க்கு இந்தியாவில் நிறையச் செய்யப்படும் கன்னத்தை ஊதிக்கொண்டு எடுக்கும் சி.டி.யும் நல்ல உத்திதான். கன்னத் தோலும் ஈறும் ஒட்டாமல் பிரிந்து கட்டி எங்கிருந்து கிளம்பியது என்று தெரியும். ஆனால் அது வேறு கேள்விக்கான பதில்.

சரியான ஸ்கேனே எடுத்தாலும் எல்லாம் தெரிந்துவிடுமா? இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1998-ல் நெம்செக் என்பவரும் அவரது குழுவினரும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நரம்பு வழிப் பரவல் நோய்க்கூறியலில் உறுதியானவர்களின் எம்.ஆர்.ஐ. படங்களை எடுத்துப் பார்த்தார்கள். பரவல் இருக்கிறது என்பதை 95 சதவீதம் பேரிடம் எம்.ஆர்.ஐ. காட்டியிருந்தது. ஆனால் முழு நீளத்தையும், அதாவது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை, 63 சதவீதம் பேரிடம்தான் சரியாகக் காட்டியது. சின்ன ஆய்வுதான், கருவிகளும் அதற்குப் பிறகு நிறைய முன்னேறிவிட்டன. இருந்தாலும் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி முக்கியம். "இருக்கிறதா" என்பது ஒரு கேள்வி. "எதுவரை இருக்கிறது" என்பது அதைவிடக் கடினமான கேள்வி. சிகிச்சை தீர்மானிக்கப்படுவது இரண்டாவதில்தான்.

ஏனென்றால், எதுவரை என்பதைப் பொறுத்து ஒருவரின் வாழ்க்கையே மாறுகிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தினர் 2001-ல் வெளியிட்ட கட்டுரையைத் தொடர்ந்து பாதையை மூன்று மண்டலமாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. மண்டையோட்டு ஓட்டைக்கு வெளியே இருந்தால் ஒன்று. ஓட்டையைத் தாண்டி நரம்பு முடிச்சு வரை என்றால் இரண்டு. அதையும் தாண்டி மூளைத்தண்டு நோக்கிப் போய்விட்டால் மூன்று. முதல் மண்டலத்தில் அறுவை நிபுணர் நரம்பைத் தொடர்ந்து போய் சுத்தமான முனை வரும் வரை வெட்டி எடுக்க வாய்ப்பு இருக்கிறது. இரண்டாவதில் மண்டையோட்டைத் திறக்கும் பெரிய அறுவை. பிரிஸ்பேன் போன்ற சில மையங்களில் செய்கிறார்கள். மூன்றாவதில் வெட்டிக் குணப்படுத்துவது என்ற பேச்சு பொதுவாக முடிந்துவிடுகிறது. கதிர்வீச்சு கொடுப்பவருக்கும் இந்தக் கோடு வேண்டும். நரம்பு எதுவரை நோய்ப்பட்டது என்று தெரிந்தால்தான் அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்து கதிரைப் பாய்ச்ச முடியும். தெரியாமல் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கொடுத்தால், கட்டி இருந்த இடம் சுத்தமாக இருக்கும், நோய் மண்டையோட்டுக்கு அடியில் இருந்து திரும்பி வரும்.

ஆரம்பத்தில் சொன்ன கற்பனை மனிதர், மோவாய் மரத்த முதல் மாதத்தில் அனேகமாக முதல் மண்டலத்தில் இருந்திருப்பார். பொருள் இரண்டாகத் தெரிந்தபோது அதைத் தாண்டிவிட்டார். நடுவில் நடந்தது ஒரு பல், ஒரு டப்பா மாத்திரை, ஒரு நார்மல் ரிப்போர்ட்.

நோயாளியின் பக்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவர்கள் அறுவை நடந்தபோது கொடுத்த பயாப்ஸி ரிப்போர்ட்டை எங்கே போனாலும் கையோடு கொண்டு போவது. முகத்தில் எந்த இடம் மரத்திருக்கிறது என்று கேட்டால் "இந்தப் பக்கம்தான் டாக்டர்" என்று பொதுவாகக் காட்டாமல், பஞ்சால் தொட்டுப் பார்த்து எங்கிருந்து எதுவரை என்று விரலால் கோடு போட்டுக் காட்டுவது. அந்தக் கோடு எந்த நரம்பின் எல்லை என்பது மருத்துவருக்குப் புரியும். பலருக்கு அறிகுறியே இல்லாமலும் இந்தப் பரவல் இருக்கும் என்பதால், ரிப்போர்ட்டில் நரம்பு பற்றிய வரி இருந்தவர்களுக்குத் தொடர் பரிசோதனையில் நரம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. ஒரு ஸ்கேன் நார்மல் என்று வந்து, மரப்பு மட்டும் கூடிக்கொண்டே போனால், சில மாதத்தில் திரும்ப எடுக்க வேண்டும். அப்போது பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெறும் ரிப்போர்ட் காகிதம் போதாது, படம் உள்ள சி.டி.யே வேண்டும்.

சீட்டில் எழுத வேண்டியது எவ்வளவு பெரிது என்று கேட்டால், இவ்வளவுதான்:

"வலது கன்னப் புற்றுநோய், இரண்டு வருடம் முன் அறுவையும் கதிர்வீச்சும். நான்கு மாதமாக வலது மோவாய் மரப்பு, கூடிவருகிறது. கான்ட்ராஸ்டுடன், கொழுப்பு நீக்கி, மோவாய் முதல் மூளைத்தண்டு வரை வலது ஐந்தாம் நரம்பையும் ஏழாம் நரம்பையும் பார்க்கவும்."

இருபது சொல் சொச்சம். "எம்.ஆர்.ஐ. மூளை, மரப்பு" என்று எழுதும் அதே கட்டத்துக்குள் அடங்கும்.